கொடுமுடிக்கும் குடும்பத்துக்கும் நடுவே

1975ஆம் ஆண்டு வசந்தத்தில் நேபாளத்திலிருந்து இரண்டு செய்திகள் உலகெங்கும் போயின. மார்ச் 31 அன்று காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய சிறு விமானம் ஒன்று மேலெழுந்த சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் பயணம் செய்தவர்களில் எட்மண்ட் ஹிலாரியின் மனைவி லூயிஸும் கடைசி மகள் பெலிண்டாவும் இருந்தார்கள். பாப்லு என்ற மலையூரில் மருத்துவமனை கட்டும் வேலையில் இருந்த ஹிலாரியிடம் போய்ச் சேரத்தான் அவர்கள் புறப்பட்டிருந்தார்கள். அதற்கு ஏழு வாரத்துக்குள், மே 16 அன்று, ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபெய் எவரெஸ்ட் உச்சியில் கால்வைத்தார். அங்கே ஏறிய முதல் பெண் அவர். மூன்று வயது மகளை ஊரில் கணவரின் பொறுப்பில் விட்டு வந்திருந்தார்.

மலை, வீடு, தொண்டு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்க முயன்ற குடும்பத்துக்கு நேர்ந்த பேரிழப்பு முதல் செய்தி. பிள்ளை பெற்றவளுக்கு மலை எதற்கு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இரண்டாவது. பெரிய கனவுள்ள தொழில், உயிரைப் பணயம் வைக்கும் சாகசம், மனைவி மக்கள், பிறருக்கான பணி ஆகிய நான்கும் ஒரே ஆயுளில் அடங்குமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு செய்திகளும் எதிரெதிர் விடைகளைச் சொல்வதுபோலத் தோன்றும். இரண்டு வாழ்க்கைகளையும் முழுக்கப் படித்தால் அப்படியில்லை என்று தெரிகிறது. இருவரும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்துவிடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே செய்தார்கள். இருவரின் பாரத்திலும் பெரும்பங்கை வேறு சிலர் சுமந்தார்கள். ‘எல்லாத் துறையிலும் வென்றவர்’ என்று பத்திரிகைகள் எழுதும் அறிமுகக் கட்டுரைகளில் இந்தச் சுமந்தவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

ஹிலாரியிடமிருந்தே தொடங்கலாம். ஆக்லாந்துக்காரரான அவரது தொழில் தேனீ வளர்ப்பு. தந்தையின் தொழிலை அண்ணன் தம்பி இருவரும் ஏற்று நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேன்பெட்டிகள். தேன் எடுக்கும் பருவத்தில் ஒருநாள்கூட ஓய்வு இல்லை. எட்மண்ட் மலைக்குப் போகும்போதெல்லாம் அத்தனை பெட்டிகளும் தம்பி ரெக்ஸின் தலையில் விழுந்தன. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். பெட்டிகளைக் காத்து நின்றவரின் பெயர் நியூசிலாந்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பின்னாளில் ஷெர்பா கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் எழும்பியபோது கட்டடவேலையில் தேர்ந்த இதே ரெக்ஸ் வந்து சுவர் எழுப்பினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹிலாரிக்குத் திருமணம். லூயிஸ் அப்போது சிட்னியில் வயோலா என்னும் நரம்பிசைக் கருவியைப் பயின்றுகொண்டிருந்தார். எவரெஸ்ட் ஏறிய மனிதருக்குப் பெண்ணிடம் நேரில் கேட்கத் துணிவு வரவில்லை. வருங்கால மாமியார்தான் தொலைபேசியில் பேசி மகளின் சம்மதம் வாங்கித் தந்தார். இது எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. அதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. இசையில் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கக்கூடிய பெண், அடுத்த இருபதாண்டுகளின் பெரும்பகுதியை ஊரில் இல்லாத கணவரின் வீட்டை நடத்துவதில் செலவிட்டார். தென்துருவத்தை நோக்கிய பயணத்துக்காக ஹிலாரி 1956 முடிவில் கிளம்பினார். டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு 1958 ஜனவரி 4 அன்று துருவத்தை அடைந்தார். வீட்டில் அப்போது இரண்டு சிறு குழந்தைகள்.

தொண்டு அவர் வாழ்வில் நுழைந்தது 1960க்குப் பிறகு. ஷெர்பா மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது அவர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த அறுபதாண்டுகளுக்கு அந்தப் பணி நிலைத்ததற்கு அதுவே முதற்காரணம். 1961இல் கும்ஜுங்கில் பள்ளி திறக்கப்பட்டது. 1964இல் லுக்லாவில் ஓடுதளம், 1966இல் குன்டேயில் மருத்துவமனை. அயோடின் குறைவால் கழுத்துக்கழலையும் மூளைவளர்ச்சிக் குறைபாடும் அந்தப் பகுதியில் பரவலாக இருந்தன. மருத்துவமனை வந்தபின் அயோடின் ஊசி போட்டு அந்த நோயை ஒரு தலைமுறைக்குள் பெருமளவு விரட்டினார்கள். இமயத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சிகரங்களில் கொடி நட்டிருக்கிறார்கள். இதற்கு ஈடாக எதையும் வைக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் பணம்? அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கூடாரம், முகாம் சாமான்கள் குறித்து ஆலோசனை சொல்லி ஹிலாரி ஊதியம் பெற்றார். சொற்பொழிவு, புத்தகம் என்று வேறு வரும்படிகளும் இருந்தன. ஒரு காலத்துச் சாகசம் அடுத்த காலத்துக்குத் தொழிலாகி, அந்தத் தொழில் அதற்கடுத்த காலத்தின் தொண்டுக்குப் படியளந்தது. குடும்பமும் மெல்ல உள்ளே வந்தது. லூயிஸ் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இமயத்தில் நடந்தார். அந்தப் பயணங்களைப் பற்றி உற்சாகமான நூல்கள் எழுதினார். 1975இல் பாப்லு மருத்துவமனை எழும்பும் காலத்தில் பிரிந்திருக்க வேண்டாம் என்றுதான் காத்மாண்டுவில் வீடு எடுத்துத் தங்கினார்கள். அந்த முடிவின் முதல் வசந்தத்திலேயே விமானம் விழுந்தது.

அதன்பின் ஹிலாரி நொறுங்கிப்போனார். மதுவையும் தூக்க மாத்திரையையும் நாடிய நாட்களை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் பாப்லு மருத்துவமனையைக் கட்டி முடித்தார். மீண்டுவரச் சில ஆண்டுகள் பிடித்தன. 1985 முதல் நான்காண்டுகள் டெல்லியில் நியூசிலாந்தின் தூதராக இருந்தார். 1979இல் அண்டார்டிகாவின் எரபஸ் மலையில் மோதிய விமானத்தில் கணவரை இழந்தவர் ஜூன் முல்குரு. அந்தக் கணவர் பீட்டர், ஹிலாரியின் நெருங்கிய தோழர். 1989இல் ஹிலாரியும் ஜூனும் மணந்துகொண்டார்கள். 2008 ஜனவரி 11இல் ஹிலாரி இறந்தபோது அவர் தொடங்கிய அறக்கட்டளையின் கணக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளும் இரண்டு மருத்துவமனைகளும் இருந்தன.

இந்தத் தொண்டிலும் குறையில்லாமல் இல்லை. மருத்துவமனைக்குச் சாமான் இறக்கக் கட்டிய லுக்லா ஓடுதளம் வெளிநாட்டு நடைபயணிகளைக் கூட்டங்கூட்டமாக இறக்கியது. அவர்களுக்குச் சமைக்கவும் வெந்நீர் போடவும் காடு வெட்டப்பட்டது. ஹிலாரி அதைக் கண்டு வருந்தினார், வெளிப்படையாகச் சொன்னார், நாற்றங்காலும் மரநடவும் தொடங்கினார். 1976இல் அமைந்த சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குத் துணை நின்றார். கும்ஜுங் பள்ளியின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்பா நியூசிலாந்தில் படித்துத் திரும்பி அந்தப் பூங்காவின் காப்பாளரானார். இன்னொரு மாணவர் காமி தெம்பா, குன்டேயில் சுகாதார உதவியாளராக இருந்து, பிஜியில் மருத்துவம் படித்து, 2002இல் அதே மருத்துவமனையின் தலைமை மருத்துவராகத் திரும்பினார். வெளியூர் மருத்துவரே தேவைப்படாத நிலைக்கு ஒரு மருத்துவமனை வந்தது. தொண்டுக்கு இதைவிட நல்ல அளவுகோல் தேட வேண்டியதில்லை.

ஹிலாரிக்கு அறுபதாண்டு முந்திய முன்னோடி ஒருவர் உண்டு. நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சென். பெர்கன் அருங்காட்சியகத்தில் விலங்கியலாளராக வேலை பார்த்தவர். நரம்பணுக்களைப் பற்றிய முனைவர் ஆய்வேட்டை 1888 ஏப்ரல் இறுதியில் வாதாடி முடித்த கையோடு, கிரீன்லாந்தைக் குறுக்கே கடக்கக் கிளம்பிவிட்டார். ஆளில்லாத கிழக்குக் கரையிலிருந்து ஆள் வசிக்கும் மேற்குக் கரையை நோக்கி நடந்தார். திரும்பிப் போக வழியே இல்லாத திசையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த பயணம் அது. 1893இல் ஃப்ராம் என்ற கப்பலில் வடதுருவத்தை நோக்கிப் போனார். மகள் லிவ் பிறந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் திரும்பியபோது குழந்தைக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. மனைவி ஏவா பேர்பெற்ற பாடகி. 1907இல் ஏவா நிமோனியாவில் படுத்தபோது நான்சென் லண்டனில் தூதராக இருந்தார். ஓடி வந்தார். வழியிலேயே இறப்புச் செய்தி வந்து சேர்ந்தது.

முதல் உலகப்போருக்குப் பின் அறுபது வயதை நெருங்கிய நான்சென் நான்காவது வாழ்க்கையைத் தொடங்கினார். சர்வதேச சங்கத்துக்காக நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார். 1921இல் அகதிகளுக்கான ஆணையரானார். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனவர்களுக்காக 1922இல் உருவான அடையாளச் சீட்டு ‘நான்சென் பாஸ்போர்ட்’ என்றே பெயர் பெற்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு. பரிசுப்பணம் நிவாரண வேலைக்கே போனது. ரயில் இல்லாத இடத்துக்குத் தானியம் எப்படிக் கொண்டுபோவது, குளிரில் எத்தனை பேர் எத்தனை நாள் தாங்குவார்கள் என்ற கணக்கெல்லாம் பனிப்பாலையில் அவர் கற்றது. ரஷ்யாவின் வோல்கா கரைப் பஞ்சத்தின்போது அந்தக் கணக்கு கைகொடுத்தது. சாகசம் தொண்டுக்குப் பயன்படும் என்றால் அது இந்த வகையில்தான். புகழ் நிதி திரட்டும். வேலை தெரிந்த கைதான் பஞ்சத்தில் சோறு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அவர் மகன் ஓட் கட்டடக்கலைஞர். 1930களில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்கு உதவ ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிறகு தானே வதைமுகாமில் அடைபட்டார். உயிர் தப்பி வந்து யூனிசெஃப் உருவானபோது அதிலும் பங்கெடுத்தார். தந்தை அதிகம் வீட்டில் இல்லாத குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை தந்தையின் வேலையையே எடுத்துக்கொண்டது. இதைக் காட்டி நான்சென் நல்ல தகப்பன் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் பெற்றோரின் இன்மையிலிருந்தும் எதையோ கற்கிறார்கள் என்பதுவரை சொல்லலாம்.

ஜுன்கோ தாபெயின் கதை இந்த இருவரின் கதையிலிருந்து ஓர் இடத்தில் அடிப்படையாக வேறுபடுகிறது: அவரிடம் மட்டுமே உலகம் குழந்தையைப் பற்றிக் கேட்டது.

ஃபுகுஷிமா மாவட்டத்தின் சிறு ஊரில் 1939இல் பிறந்தவர். பத்து வயதில் பள்ளி ஆசிரியருடன் முதல் மலையேற்றம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம். படிப்பு முடிந்து இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் பதிப்பாசிரியர் வேலை. மாலையில் பியானோ, ஆங்கிலப் பாடங்கள். கணவர் மசனோபுவும் மலையேறுபவர்தான். ஆண்களின் குழுக்களில் இடம் கிடைப்பது கடினமாக இருந்ததால் 1969இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அன்னபூர்ணா III ஏறினார்கள். எவரெஸ்ட்டுக்கு நேபாள அரசின் அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் மகள் பிறந்தாள்.

நிதி கேட்டுப் போன இடங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருங்கள் என்றார்கள். கடைசியில் ஒரு செய்தித்தாளும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் பணம் தந்தன. அதன்பிறகும் ஒவ்வொரு பெண்ணும் தன் பங்காகச் சுமார் 15 லட்சம் யென் போட வேண்டியிருந்தது. காசை மிச்சப்படுத்த, கார் இருக்கைகளின் பழைய உறையை வெட்டிக் கையுறையின் மேலுறை தைத்தார்கள். வாத்து இறகு வாங்கித் தாங்களே தூக்கப்பை செய்தார்கள். குழு 15 பேர். ஆசிரியர், கணினி நிரலர் என்று எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். மே 4 நள்ளிரவுக்குப் பின் பனிச்சரிவு கூடாரங்களை மூடியது. தாபெய் நினைவிழந்து பனிக்கடியில் கிடந்தார். ஒரு ஷெர்பா அவரை இழுத்து வெளியே போட்டார். நடக்கவே முடியாமல் கிடந்தவர் 12 நாளில் அங் செரிங் ஷெர்பாவுடன் உச்சிக்குப் போனார்.

இத்தனையிலும் மசனோபு வேலைக்குப் போய்க்கொண்டு மகளை வளர்த்தார். 1970களின் ஜப்பானில் ஓர் ஆண் அதைச் செய்தது எவரெஸ்ட்டைவிடச் சிறிய செயல் என்று சொல்லத் தோன்றவில்லை.

அடுத்து வந்த நாற்பதாண்டுகளில் தாபெய் எடுத்த முடிவுகள் அவர் உச்சியைத் தொட்டதைவிடப் படிக்கத் தகுந்தவை. பெரும் நிறுவனங்களின் ஆதரவை மறுத்தார். பேச்சு, வழிகாட்டல், வகுப்புகள் என்று தன் கைக்காசில் மலை ஏறினார். 1978இல் மகன் பிறந்தான். 1992இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடித்த முதல் பெண்ணானார். பிறகு மாணவியாகப் போய் க்யூஷு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எவரெஸ்ட்டில் மலையேறிகள் விட்டுச்செல்லும் குப்பையால் என்ன கேடு என்று ஆராய்ந்து, அறுபதை எட்டிய வயதில் பட்டம் வாங்கினார். தான் ஏறிய மலையில் தன்னைப் போன்றவர்கள் செய்த கெடுதலை அளந்து பார்க்க வந்தவர்கள் மிகச் சிலரே. 2011 நிலநடுக்கமும் அணு உலை விபத்தும் சொந்த மாவட்டத்தைக் குலைத்தபோது, அந்தப் பகுதியின் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை ஆண்டுதோறும் ஃபூஜி மலைக்கு அழைத்துப்போனார். மறு ஆண்டு புற்றுநோய் தெரியவந்தது, நிறுத்தவில்லை. 2016 ஜூலையிலும் அவர்களுடன் ஏறினார், அக்டோபரில் காலமானார். இப்போது அந்தப் பயணத்தை மகன் நடத்துகிறார்.

தாயிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வியின் கொடுமையை அலிசன் ஹார்கிரீவ்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண்ணின் மரணம் காட்டியது. 1995 மே 13 அன்று ஆக்ஸிஜன் உருளையோ சுமைதூக்குவோரோ இல்லாமல் எவரெஸ்ட் ஏறினார். சரியாக மூன்று மாதம் கழித்து கே2 சிகரத்திலிருந்து இறங்கும்போது புயலில் சிக்கி இறந்தார். வயது 33. இரண்டு சிறு குழந்தைகள். மலையேற்றம்தான் அந்தக் குடும்பத்தின் வருமானம் என்பதை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளை மறந்த சுயநலக்காரி என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு மே மாதம் நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால் எவரெஸ்ட்டில் சிக்கிக்கொண்டார். ஊரில் கர்ப்பிணி மனைவி. வானொலிக் கருவி வழியே கணவனும் மனைவியும் கடைசியாகப் பேசியதை உலகம் காவியமாக்கியது. வாடிக்கையாளரைக் கைவிடாமல் நின்ற ஹாலின் நேர்மையில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மரணங்களுக்கும் இரண்டு தராசுகள் பயன்பட்டது உண்மை. சிறு பிள்ளைகள் இருக்கையில் இத்தனை ஆபத்தை ஏற்கலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். அதைத் தகப்பனிடமும் கேட்பவருக்கே தாயிடம் கேட்கும் உரிமை உண்டு.

தனிமனித மனவுறுதியைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு விடுப்பு விதிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் இந்த வாழ்க்கைகளைச் சாத்தியமாக்கியவை பெரும்பாலும் அவையே. பச்சேந்திரி பால் 1984 மே 23இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணானார். அதே ஆண்டில் டாடா ஸ்டீல் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்து, ஜாம்ஷெட்பூரில் சாகசப் பயிற்சிக்கென்று ஓர் அமைப்பையே அவரிடம் ஒப்படைத்தது. சாகசமே அவருக்குச் சம்பள வேலையாயிற்று. அந்த வாசல் வழியாக வந்தவர்களில் ஒருவர் பிரேம்லதா அகர்வால். இரண்டு பெண்களின் தாய். நாற்பதை நெருங்கும் வயதில் மலைநடைக்கு வந்தார். 2011இல் எவரெஸ்ட் ஏறியபோது அவருக்கு 48. பிள்ளைகள் வளர்ந்தபின் மலைக்கு வந்த அவரது வரிசைமுறையை எந்தச் சுயமுன்னேற்ற நூலும் எடுத்துச்சொல்வதில்லை. அவசரமில்லாத அந்த வழி எத்தனையோ பெண்களுக்குப் பொருந்தும். ரயிலிலிருந்து தள்ளப்பட்டுக் காலை இழந்த அருணிமா சின்ஹா 2013இல் எவரெஸ்ட் ஏறியதும் பச்சேந்திரியிடம் பயின்றுதான்.

இந்தியக் கடற்படை இன்னொரு எடுத்துக்காட்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் இருவராகக் கிளம்பி, நாலு துறைமுகங்களில் மட்டும் தங்கி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். எட்டு மாதம் வேலையை விட்டுப் போகவில்லை. அதுவே அவர்கள் வேலையாக இருந்தது. விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்விக்கு அந்த வசதி கிடையாது. சென்னையில் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தவர், இரண்டு பெண்குழந்தைகளின் தாய். மாநில அரசின் நிதியுதவியோடும் பலர் கொடுத்த நன்கொடையோடும் 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். சேமிப்பு, கடன், அரசு அலுவலக வாசல், தொழிலதிபர்களின் வரவேற்பறை என்று அலைவது அவரைப் போன்றவர்களுக்கு மலைக்கு முன்பே ஏற வேண்டிய மலை.

வீட்டை நிறுவனத்துக்குள் கொண்டுவந்த முயற்சியும் உண்டு. மலையேறும் கருவிகளைத் தன் பட்டறையில் அடித்து விற்ற யுவான் ஷுயினார் 1973இல் படகோனியா என்ற உடை நிறுவனத்தைத் தொடங்கினார். 1980களின் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் குழந்தைகள் காப்பகம் வந்தது. மனைவி மலிண்டாதான் அதற்குக் காரணம். பால் கொடுக்கும் தாய் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்வரலாம். நிறுவனம் விற்பனையில் ஒரு பங்கைச் சுற்றுச்சூழல் பணிக்குக் கொடுத்துவந்தது. 2022 செப்டம்பரில் சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள அந்த நிறுவனத்தையே குடும்பம் அறக்கட்டளைக்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கும் எழுதிவைத்தது. இந்தியாவில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்துவிட்டது; பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் சொல்கிறது. இவற்றில் பணம் இருக்கிறது, அறை இருக்கிறது. ஊழியருக்கு நேரம்தான் இல்லை. மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு கேட்டால் வேலையே போய்விடும் என்ற அச்சத்தில் வாழும் இளைஞரிடம் சாகசத்தையும் சமூகசேவையையும் பற்றிப் பிரசங்கம் செய்வது நியாயமில்லை.

தொழிலே தொண்டாகிவிட்டால் ஒரு பங்கு மிச்சமாகும். அமெரிக்கரான ஜெஃப்ரி டாபின் மருத்துவப் படிப்பை நடுநடுவே நிறுத்திவிட்டு மலைக்கு ஓடியவர். 1988இல் எவரெஸ்ட் ஏறினார். நேபாளத்தில் ஒரு டச்சு மருத்துவக் குழு கண்புரை அறுவை செய்து பார்வை கொடுத்ததைக் கண்டு கண்மருத்துவரானார். நேபாள மருத்துவர் சந்துக் ருயித்துடன் சேர்ந்து 1995இல் இமயமலைக் கண்புரைத் திட்டத்தைத் தொடங்கினார். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலைதான் ஏழைக்கும் பார்வைக்கும் நடுவே நின்ற சுவர். காத்மாண்டுவின் திலகங்கா மையம் லென்ஸை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியது.

அதே சுவரை மதுரையில் அதற்குச் சில ஆண்டு முன்பே இடித்திருந்தார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், 58ஆம் வயதில், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, ஆனால் தங்கை நாச்சியார், அவரது கணவர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே மருத்துவமனையாயிற்று. பணம் கொடுக்கக்கூடியவர்களின் கட்டணம் கொடுக்க முடியாதவர்களின் சிகிச்சையைத் தாங்கியது. 1992இல் அவர்களின் ஆரோலேப் லென்ஸ் செய்யத் தொடங்கியது. இறக்குமதி லென்ஸ் 100 டாலர் அளவில் விற்ற காலத்தில் அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. எவரெஸ்ட்டின் பக்கமே போகாத குடும்பம். ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பை ஒரு கனவில் கொட்டி, வீட்டு நகையை அடகுவைத்து நடத்தியதற்குச் சாகசம் என்ற பெயர் பொருந்தும்.

இங்கே ஒரு கண்டிப்பான தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நற்காரியத்துக்காக மலை ஏறுகிறேன், பணம் தாருங்கள்’ என்ற அறிவிப்புகள் இன்று பெருகிவிட்டன. எவரெஸ்ட் அனுமதிக்கு மட்டும் நேபாள அரசு வாங்கும் கட்டணம் 2025 செப்டம்பரிலிருந்து 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராகிவிட்டது. வழிகாட்டி, ஆக்ஸிஜன், உணவு எல்லாம் தனி. திரட்டிய பணத்தில் எவ்வளவு பயணத்துக்கு, எவ்வளவு பள்ளிக்கூடத்துக்கு என்று முதலிலேயே எழுதிவைக்காத எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. ஹிலாரியின் பணி சிகரத்தை முடித்துவிட்டு வந்தபின் தொடங்கியது. தாபெய் தன் பங்கைத் தானே கட்டினார். தன் பயணத்தைத் தன் காசில் செய்துவிட்டு, அடுத்தவருக்கான நிதியைத் தனிப்பெட்டியில் வைப்பது கடினமில்லை.

பிள்ளைகள் இருக்கையில் இத்தனை ஆபத்தை ஏற்கலாமா என்ற கேள்வி மிகக் கூர்மையாகப் பாய்வது ஷெர்பாக்கள்மீதுதான். அவர்களுக்கு மலை தொழில். ஆபத்து அந்தத் தொழிலின் நிபந்தனை. குடும்பத்துக்காகவே அதை ஏற்கிறார்கள். லக்பா ஷெர்பா பள்ளிக்கூடம் போகாதவர், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அமெரிக்காவில் ஒரு பல்பொருள் அங்காடியில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்துக்கொண்டே 2022 மே மாதம் பத்தாவது முறையாக எவரெஸ்ட் ஏறினார். உலகில் வேறெந்தப் பெண்ணும் அத்தனை முறை ஏறியதில்லை. அவரைத் தேடி நிதியாளர்கள் வர இருபதாண்டு பிடித்தது.

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் வழியிலுள்ள கும்பு பனியருவியில் சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளிகள் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த உடனடி உதவி 40,000 நேபாள ரூபாய். அந்த ஆண்டு மலையேற்றத்தையே நிறுத்திவிட்டு ஷெர்பாக்கள் போராடினார்கள். உயிர்க்காப்பீட்டுத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது. உயர்ந்தும் போதவில்லை: நாலு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் செலவுக்கு அது கொஞ்ச காலம்தான் தாங்கும்.

ஷெர்பாக்களின் ஆபத்தைக் குறைக்கும் முயற்சி ஒன்று வேறொரு மரணத்திலிருந்து பிறந்தது. அமெரிக்க மலையேறி அலெக்ஸ் லோ 1999 அக்டோபர் 5இல் ஷிஷாபங்மா மலையில் பனிச்சரிவில் புதைந்தார். மனைவி ஜெனிஃபருக்கு மூன்று பையன்கள். அதே சரிவில் உயிர் தப்பிய தோழர் கான்ராட் ஆங்கர் பின்னாளில் ஜெனிஃபரை மணந்து அந்தப் பையன்களை வளர்த்தார். அலெக்ஸின் பெயரில் ஜெனிஃபர் தொடங்கிய அறக்கட்டளை, 2003 முதல் போர்ட்சே கிராமத்தில் ஷெர்பா தொழிலாளிகளுக்கு மலையேற்றப் பள்ளி நடத்துகிறது. கயிறு கட்டுவது, பனிப்பிளவில் விழுந்தவரை மேலே இழுப்பது, முதலுதவி, ஆங்கிலம் என்று பாடங்கள். தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கியவர்களில் பலர் இதையெல்லாம் முறையாகப் பயின்றதே இல்லை. வேலையில் இறங்கியபின் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். வெளிநாட்டுக் குழுக்கள் வராத குளிர்காலத்தில் வகுப்பு நடக்கும், சம்பள நாள் எதுவும் போகாதபடி. இப்போது பாடம் எடுப்பவர்களில் பலர் அங்கேயே பயின்ற நேபாளிகள்.